ஓபிஜி (மகப்பேறு நர்சிங்) தேர்வு: ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு எண் இருக்கிறதே, எதை எழுதுவது?

ஆறாம்செமஸ்டர்:
வணக்கம். மிட்வைஃபரி பேப்பருக்கு நாலு பேர் சேர்ந்து படிக்கிறோம். கூடவே எம்ஆர்பி, நார்செட்னு அரசு நர்ஸ் வேலைக்கான தேர்வுகளோட பழைய கேள்விகளும் போட்டுப் பார்க்கிறோம். பாடம் புரியுது. ஆனா எண் வர்ற இடத்துல எல்லாம் மாட்டிக்கிறோம். கருப்பை உச்சி தொப்புள் மட்டத்துக்கு வர்றது ஒரு புத்தகத்துல 20 வாரம், இன்னொண்ணுல 24 வாரம். சிசு இதயத்துடிப்பு ஒரு இடத்துல 110 முதல் 160, வேற இடத்துல 120 முதல் 160. பிரசவம் வேகமெடுக்கிற ஆக்டிவ் ஃபேஸ் தொடங்கறது கருப்பை வாய் 4 செ.மீ. திறக்கும்போதா, 5 செ.மீ.யா? வலிப்புக்குக் குடுக்கிற மெக்சல்ஃப் (மக்னீசியம் சல்ஃபேட்) எத்தனை ஆம்பூல்? இடிடி (எதிர்பார்க்கும் பிரசவத் தேதி) கணக்கிலேயே எங்களுக்குள்ள ஒரு நாள் வித்தியாசம் வருது. தெரிஞ்சவங்க எதை எழுதணும்னு மட்டும் இல்லாம, ஏன்னும் சொன்னா நல்லா இருக்கும்.

பாடவேளை:
முதலில் கருப்பை உச்சியை எடுத்துக்கொள்வோம். நம் பாடநூல்களும் மத்திய அரசின் வழிகாட்டி நூலும் வயிற்றை இரண்டு பகுதியாகப் பிரிக்கின்றன. சிம்பைசிஸ் பியூபிஸிலிருந்து (அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள முன்பக்க எலும்பு இணைப்பு) தொப்புள் வரை ஒன்று, தொப்புளிலிருந்து மார்பெலும்பின் நுனி வரை மற்றொன்று. ஒவ்வொன்றையும் மூன்றாகப் பங்கிடுங்கள். 12 வாரத்தில் உச்சி சிம்பைசிஸுக்குச் சற்று மேலே கைக்குத் தட்டுப்படும். அதன்பின் ஒவ்வொரு பங்குக்கும் 4 வாரம். 16, 20 கடந்து 24-இல் தொப்புள். 28, 32 கடந்து 36-இல் மார்பெலும்பு நுனி. 40 வாரத்தில் தலை இறங்குவதால் உச்சி மீண்டும் 32 வார மட்டத்துக்கு வந்துவிடும். 32-ஐயும் 40-ஐயும் பிரித்துச் சொல்லும் அடையாளம் விலாப்பக்கம்தான். 40-இல் இருபுறமும் நிறைந்திருக்கும், 32-இல் அப்படி இராது. வைவாவில் இதை அடிக்கடி கேட்பார்கள்.

என்கிளெக்ஸ் போன்ற அமெரிக்கத் தேர்வில் 20 வாரத்துக்குத் தொப்புள் என்பதே விடை. தொப்புள் எல்லாப் பெண்களுக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, அதனால் இரண்டுமே தோராயமான அளவுகள்தான். 24 வாரத்துக்குப் பிறகு டேப்பால் அளந்து, செ.மீ. எண்ணும் வார எண்ணும் 2-க்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

பல்கலைக்கழகத் தாளில் 24 என்று எழுதுங்கள். பிராக்டிகலில் எண்ணைவிட அளக்கும் விதத்துக்குத்தான் மதிப்பெண். சிறுநீர் கழிக்கச் சொல்லிவிட்டீர்களா (நிறைந்த பை உச்சியை உயர்த்திக் காட்டும்), வலப்புறம் சாய்ந்திருக்கும் கருப்பையை நடுவுக்குக் கொண்டுவந்தீர்களா, இடது கையின் சுண்டுவிரல் ஓரத்தை மார்பெலும்பிலிருந்து கீழே இறக்கி உச்சியைத் தேடினீர்களா என்று பார்ப்பார்கள். கீழிருந்து மேலே தேடினால் வயிற்றுத் தசை இறுகி உச்சி தவறிப்போகும்.

நார்செட்_தயாரிப்பு:
போட்டித் தேர்வுக்கும் இந்தியத் தேர்வு என்றால் 24 என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம்தானே மேடம்?

பாடவேளை:
வேண்டாம் தம்பி. விருப்பங்களைப் பாருங்கள். 20, 24 இரண்டும் இருந்தால் 24. சில கேள்விகளில் 24 இருக்கவே இருக்காது. 12, 16, 20, 28 என்று தருவார்கள். அங்கே கேள்வி அமைத்தவர் எந்த நூலை வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது. இதயத்துடிப்பும் அப்படியே. 110 முதல் 160 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரம்பு. 120 முதல் 160 என்பது நம் பழைய வழிகாட்டிகளில் உள்ளது. விரிவான விடையில் "110 முதல் 160 வரை, சில நூல்களில் கீழ்வரம்பு 120" என்று ஒரே வரியில் எழுதினால் எந்தத் திருத்துநரும் மதிப்பெண் குறைக்க இடமில்லை.

விஎச்என்_அக்கா:
இடிடி பற்றி நான் சொல்றேன். நேகலே விதி எல்லாருக்கும் தெரியும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோட 7 நாளும் 9 மாசமும் கூட்டணும். அந்த முதல் நாள், அதாவது எல்எம்பி, 10-6-2025 என்றால் இடிடி 17-3-2026. உங்களுக்குள்ள ஒரு நாள் வித்தியாசம் வர்றது மாசக் கடைசித் தேதிகள்லதான். 27-12-2025 எடுத்துக்கோங்க. முதல்ல 7 நாள் கூட்டினா 3-1-2026, அதோட 9 மாசம், 3-10-2026. முதல்ல 9 மாசம் கூட்டினா 27-9-2026, அதோட 7 நாள், 4-10-2026. டிசம்பருக்கு 31 நாள், செப்டம்பருக்கு 30 நாள், வித்தியாசம் அங்கேதான் வருது. 280 நாளை விரல் விட்டு எண்ணினா 3-10 தான் வரும். அதனால நாளை முதல்ல கூட்டுங்க, மாசத்தைப் பிறகு.

கணக்கைவிடப் பெரிய தப்பு தேதியைக் கேக்கிறதுலதான் நடக்குது. நம்ம ஊர்ல "கடைசியா எப்போம்மா குளிச்சே?"னு கேட்டா, தலைக்கு ஊத்தின நாளைச் சொல்வாங்க. அது ரத்தப்போக்கு ஆரம்பிச்சு மூணாவது, அஞ்சாவது நாளா இருக்கும். கர்ப்பமா இருக்கிறதையே "முழுகாம இருக்கா"ன்னு சொல்ற பழக்கம் நம்மளோடது. அதனால குளிச்ச நாள்தான் அவங்க மனசுல நிக்கும். கேக்க வேண்டியது "தீட்டு முதன்முதலா பட்ட நாள் எது?"ன்னுதான். தேதி தெரியலைன்னா பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, ஆடிப்பெருக்குக்கு எத்தனை நாள் இருந்துச்சுன்னு கேட்டுக் காலண்டர்ல பிடிக்கலாம். கேஸ் பிரசன்டேஷன்ல இந்த வரியைச் சொல்ற மாணவி நேர்ல கேட்டுப் பழகினவள்னு எக்ஸாமினருக்குத் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, 28 நாள் சுழற்சிக்குத்தான் விதி. 35 நாளுக்கு ஒருமுறை வர்றவங்களுக்கு அந்தக் கூடுதல் 7 நாளையும் சேர்க்கணும். மேல சொன்ன முதல் உதாரணத்துல 24-3-2026 ஆகும். 10-6-2025 எல்எம்பி உள்ள அம்மா 2-12-2025 அன்னைக்கு வந்தா 175 நாள், அதாவது சரியா 25 வாரம். கை வைச்சா உச்சி தொப்புளுக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். ரொம்பக் கீழ இருந்தா முதல்ல தேதியைத்தான் சந்தேகப்படணும்.

என்கிளெக்ஸ்_வழி:
இதோடு ஒட்டியது ஜிடிபிஏஎல், அதாவது கர்ப்ப வரலாற்றை ஐந்து எழுத்தில் எழுதும் முறை: ஜி மொத்தக் கர்ப்பங்கள், டி நிறைமாதப் பிரசவம், பி குறைமாதப் பிரசவம், ஏ கலைந்தவை, எல் உயிருடன் உள்ள குழந்தைகள். ஒரு கேள்வி தருகிறேன். இப்போது கர்ப்பமாக இருக்கும் பெண். முதல் குழந்தை 39 வாரத்தில் பிறந்தது. இரண்டாவது 10 வாரத்தில் கலைந்தது. மூன்றாவது 34 வாரத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள். மூவரும் உயிருடன். விடை என்ன?

ஆறாம்செமஸ்டர்:
ஜி4, டி1, பி2, ஏ1, எல்3. சரியா அக்கா?

என்கிளெக்ஸ்_வழி:
பி2 என்பது தவறு. இரட்டை என்றாலும் பிரசவம் ஒன்றுதான். குறைமாதப் பிரசவம் எத்தனை தடவை என்றே அந்த எழுத்து கேட்கிறது. ஜி4, டி1, பி1, ஏ1, எல்3. குழந்தைகளின் எண்ணிக்கை கடைசி எழுத்தில் மட்டும்தான் வரும். டி, பி, ஏ மூன்றையும் கூட்டினால் முடிந்த கர்ப்பங்களின் எண்ணிக்கை வரவேண்டும். இப்போது கர்ப்பமாக இருந்தால் அது ஜி-யைவிட ஒன்று குறைவு. இங்கே 3, சரியாக நிற்கிறது. உங்கள் விடையில் 4 வருகிறது, ஜி-யும் 4. இந்தச் சரிபார்ப்பைக் கடைசியில் ஐந்து விநாடியில் செய்துவிடலாம். கவனம்: அமெரிக்கத் தேர்வில் 20 வாரத்துக்கு முன் கலைந்தால் ஏ, 20 தாண்டினால் பி. நம் பாடநூல்களில் உயிர்த்திறன் எல்லை (குழந்தை வெளியே பிழைக்கக்கூடிய வயது) 28 வாரம் என்று இருக்கும். 23, 24 வாரம் என்று கேள்வியில் கொடுத்தால் எந்தத் தேர்வு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆறாம்செமஸ்டர்:
நன்றி அக்கா. பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கிற வரைபடத் தாள்) யாராவது சொல்லுங்களேன். கிராஃப் தாள் குடுத்து கேஸைக் குடுத்தா எங்க ஆரம்பிக்கணும்னே தெரியலை.

பிரசவஅறை_சிஸ்டர்:
முதல் புள்ளி வைக்கிற இடத்துலதான் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடறாங்க. ஒரு கேஸ் வைச்சே போடுவோம். காலை 8 மணி, முதல் பிரசவம், கருப்பை வாய் 5 செ.மீ. 10 நிமிடத்துல 3 வலி, ஒவ்வொண்ணும் 35 விநாடி. தலை 3/5. பனிக்குடம் உடையலை. சிசு துடிப்பு 140.

5 செ.மீ.ன்னதும் தாளோட இடது ஓரத்துல, பூஜ்ய மணிக் கோட்டுல, 5-க்கு நேரா பெருக்கல் குறி போடறாங்க. தப்பு. இடது ஓரம் 4 செ.மீ.க்குரிய இடம். அலர்ட் கோடு (எச்சரிக்கைக் கோடு) அங்க ஆரம்பிச்சு மணிக்கு 1 செ.மீ. வீதம் ஏறி 10-ல முடியும். முதல் பரிசோதனையின் பெருக்கல் குறி எப்பவும் அலர்ட் கோட்டின் மேலதான் உட்காரணும். ஆக 5 செ.மீ. மட்டத்துல கோட்டைத் தொடுற இடத்துல போட்டு, அதுக்கு நேர் கீழே நேர வரிசையில 8 மணின்னு எழுதணும். மத்த எல்லாப் பதிவும், துடிப்பு, வலி, நாடி எல்லாமே, அதே 8 மணிக் கோட்டுல இருந்துதான் தொடங்கும். சிலர் குறியைச் சரியா வைச்சுட்டு துடிப்பை மட்டும் இடது ஓரத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. அப்போ ஒரே நேரத்துல நடந்தது தாள்ல ஒரு மணி நேரம் தள்ளி நிக்கும்.

தலை இறக்கம் வட்டக் குறி, அடிவயித்துல கை வைச்சுப் பார்த்து அஞ்சுல எத்தனை பங்குன்னு. வலிக்கு 3 கட்டம் நிரப்பணும். 20 விநாடிக்குக் கீழே புள்ளி, 20 முதல் 40 வரை சாய்கோடு, 40-க்கு மேல முழுக் கறுப்பு. இங்க 35, அதனால சாய்கோடு. பனிக்குடம் உடையாததுக்கு ஐ. உடைஞ்ச பிறகு நீர் தெளிவுன்னா சி, மெக்கோனியம் (சிசுவின் மலம்) கலந்திருந்தா எம், ரத்தம்னா பி. மண்டையெலும்பு மடிப்பு: தையல் ஒட்டி நின்னா ஒரு கூட்டல் குறி, ஏறி விரலால விலக்க முடிஞ்சா ரெண்டு, விலக்க முடியலைன்னா மூணு. துடிப்பும் வலியும் நாடியும் அரை மணிக்கு ஒருமுறை, கருப்பை வாய் 4 மணிக்கு ஒருமுறை, ரத்த அழுத்தம் 4 மணிக்கு ஒருமுறை.

இப்போ மதியம் 12 மணி, 7 செ.மீ. அலர்ட் கோடு 12 மணிக்கு 9-ல இருக்கும். குறி கோட்டுக்கு வலப்பக்கம் 2 மணி நேரம் தள்ளி விழுது. ஆக்‌ஷன் கோடு அலர்ட்டுக்கு 4 மணி நேரம் வலப்பக்கம், அதனால இன்னும் அதைத் தொடலை. "ஆக்‌ஷன் கோட்டைத் தொடலை, காத்திருக்கலாம்"னு எழுதினா விடை போச்சு. ஆரம்ப சுகாதார நிலையம்னா அலர்ட் கோட்டைத் தாண்டினதுமே மேல் மருத்துவமனைக்கு அனுப்பத் தயாராகணும். பெரிய ஆஸ்பத்திரின்னா டாக்டருக்குச் சொல்லணும், சிறுநீர்ப்பை நிறைஞ்சிருக்கான்னு பார்க்கணும், வலி போதுமான்னு பார்க்கணும், தலை நிலை, மடிப்பு, இடுப்பு அளவு பார்க்கணும். அந்த 4 மணி நேர இடைவெளி ஏன் இருக்குன்னா ஊர்ல இருந்து வண்டி ஏறி வந்து சேர்றதுக்குத்தான். ஆக்‌ஷன் கோட்டைத் தொடுறப்போ முடிவெடுக்கக்கூடிய இடத்துல அந்த அம்மா இருக்கணும். இது மனசுல நின்னா "அலர்ட் கோட்டின் முக்கியத்துவம் என்ன" கேள்விக்கு மனப்பாடமே வேண்டாம்.

நார்செட்_தயாரிப்பு:
சிஸ்டர் சொன்னது 2000-ஆம் ஆண்டின் திருத்திய பார்ட்டோகிராஃப். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் லேபர் கேர் கைடு என்று புதிய தாள் கொண்டுவந்தது. அதில் ஆக்டிவ் ஃபேஸ் 5 செ.மீ.யில் தொடக்கம், அலர்ட் கோடும் ஆக்‌ஷன் கோடும் கிடையாது. ஒவ்வொரு செ.மீ.க்கும் தனித்தனி நேர வரம்பு: 5-இல் 6 மணி, 6-இல் 5 மணி, 7-இல் 3 மணி, 8-இல் இரண்டரை, 9-இல் 2 மணி நேரம். அதைத் தொட்டும் முன்னேற்றம் இல்லையென்றால் கவனிக்க வேண்டும். இரண்டாம் கட்டமும் அதே தாளில் வரும். துணைக்கு ஆள் இருக்கிறாரா, நீர் குடித்தாரா, வலி நிவாரணம் கொடுத்தீர்களா என்ற வரிசைகளும் உண்டு. கேள்வியில் "பார்ட்டோகிராஃப்" என்றால் 4, "லேபர் கேர் கைடு" என்றால் 5. பெயரைப் பார்த்தால் போதும்.

பாடவேளை:
தம்பி சொன்னது சரி. எல்லோருக்கும் ஒரே வேகத்தில், மணிக்கு 1 செ.மீ., திறப்பதில்லை என்று தெரிந்ததால்தான் அந்த மாற்றம். விரிவான விடையில் இதைக் கடைசிப் பத்தியாக எழுதுங்கள்.

இடுப்பெலும்பு அளவுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிட வேலை. நுழைவாயிலில் முன்பின் 11, சாய்வு 12, குறுக்கு 13 செ.மீ. நடுப்பகுதியில் மூன்றும் 12. வெளிவாயிலில் அப்படியே திரும்பி 13, 12, 11. எண் திரும்புவதுபோலவே தலையும் திரும்புகிறது. குறுக்கே அகலமான வாயிலில் குறுக்காக நுழைந்து, முன்பின் அகலமான வாயிலில் முன்பின்னாக வெளிவருகிறது. பிரசவ இயக்கம் என்ற 15 மதிப்பெண் கேள்வியின் உள் சுழற்சி இதுதான். தலை நன்றாகக் குனிந்தால் 9.5 செ.மீ. விட்டம் வரும், எளிதாகக் கடக்கும். நெற்றி முன்வந்தால் 13.5-க்கும் மேல், எந்த வாயிலிலும் அடங்காது. அதனால்தான் நெற்றி நிலை நீடித்தால் சிசேரியன்.

ஆறாம்செமஸ்டர்:
இந்தத் தலை திரும்புறது இப்போதான் புரியுது மேடம். மெக்சல்ஃப் கணக்கு?

பிரசவஅறை_சிஸ்டர்:
நம்ம ஊர்ல கிடைக்கிற ஆம்பூல் 2 மி.லி., 50 சதவீதம். அதாவது ஒரு ஆம்பூல் 1 கிராம். இதை மட்டும் பிடிச்சுக்கோங்க, மத்தது எல்லாம் எண்ணிக்கைதான்.

பிரிட்சர்ட் முறை: முதல்ல 4 கிராம் நரம்பு வழி. 4 ஆம்பூல், 8 மி.லி. இதை அப்படியே நரம்புல ஏத்தக் கூடாது. 12 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர் அல்லது நார்மல் சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கினா 20 சதவீதம் ஆகும். மெதுவா, 5 நிமிடத்துக்குக் குறையாம. அடுத்து 10 கிராம் தசை வழி, ஒவ்வொரு பிட்டத்துலயும் 5 கிராம், அதாவது 5 ஆம்பூல், 10 மி.லி., நீர்க்காம. 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மி.லி. அதே சிரிஞ்சுல சேர்த்தா வலி குறையும். ஆக ஏற்று டோஸ் (ஆரம்பத்துல குடுக்கிற மொத்த அளவு) 14 ஆம்பூல். பிறகு 4 மணிக்கு ஒருமுறை 5 கிராம், பிட்டம் மாத்தி மாத்தி. எப்போ நிறுத்தறது? பிரசவம் அல்லது கடைசி வலிப்பு, எது பின்னால வருதோ அதுல இருந்து 24 மணி நேரம்.

நரம்பு வழிக்கும் தசை வழிக்கும் செறிவு வேறங்கிறதுதான் எல்லாரும் குழம்புற இடம். தாள்ல "20 சதவீதம் நரம்பு, 50 சதவீதம் தசை"ன்னு பெட்டி கட்டி எழுதுங்க.

ஒவ்வொரு மறு டோஸுக்கும் முன்னாடி மூணு பார்க்கணும். முழங்கால் அனிச்சை இருக்கணும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையக் கூடாது. மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் டோஸ் நிறுத்தி டாக்டருக்குச் சொல்லணும். மக்னீசியம் வெளியேற ஒரே வழி சிறுநீரகம். சிறுநீர் குறைஞ்சா குடுத்த டோஸ் சரியா இருந்தாலும் ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். முதல்ல அனிச்சை போகும், அப்புறம் மூச்சு, கடைசியா இதயம். அனிச்சை முதல் எச்சரிக்கைங்கிறதாலதான் சுத்தியல் டிரேயில இருக்கணும்னு கேக்கறாங்க. மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதம், 10 மி.லி., மெதுவா நரம்பு வழி. டிரேயில அதுவும் தயாரா இருக்கணும். எழுத மறந்தா ஒரு மதிப்பெண் போகும், வார்டுல மறந்தா உயிர் போகும்.

விஎச்என்_அக்கா:
ஆரம்ப சுகாதார நிலையத்துல செவிலியர் தர்றது தசை வழி 10 கிராம் மட்டும்னும் எழுதணும் சிஸ்டர். 10 ஆம்பூல், ரெண்டு பிட்டத்துலயும், ஆழமா, 22 கேஜ் ஊசி. குடுத்துட்டு உடனே அனுப்பணும். கேள்வியில "ஆரம்ப சுகாதார நிலையத்தில்"னு ஒரு சொல் இருந்தா 14 எழுதக் கூடாது.

பிரசவஅறை_சிஸ்டர்:
ஆமா அக்கா, அதுதான் சரி.

நார்செட்_தயாரிப்பு:
நஞ்சுக்கொடி வெளிவரும் மூன்றாம் கட்டச் செயல்முறையில் ஒரு சந்தேகம். கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் ஊசி முன் தோள் வரும்போதா, குழந்தை பிறந்த பிறகா? பழைய குறிப்புகளில் முன் தோள் என்று இருக்கிறது.

பாடவேளை:
பிறந்த பிறகு. வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்து, 1 நிமிடத்துக்குள் 10 யூனிட் தசை வழி. தெரியாத இரட்டை இருந்து முன் தோளோடு ஊசி போட்டால் இறுகும் கருப்பைக்குள் இரண்டாவது குழந்தை சிக்கிவிடும். எனவே வரிசை: குழந்தையைத் தாயின் வயிற்றில் வைத்துத் துடைத்தல், இரண்டாவது குழந்தை இல்லை என உறுதி செய்தல், ஆக்சிடோசின், 1 முதல் 3 நிமிடத்தில் கொடி வெட்டுதல், கருப்பை இறுகியபின் ஒரு கையால் சிம்பைசிஸுக்கு மேலே கருப்பையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொடியைச் சீராக இழுத்தல். இறுகாத கருப்பையில், தாங்கும் கை இல்லாமல் இழுத்தால் கருப்பை உள்வெளியாகத் திரும்பிவிடும். இதை எழுதாத விடை முழுமையாகாது. கடைசியாக இறுக்கத்தைச் சோதித்தல். நம் வழிகாட்டி இதைக் கருப்பை மசாஜ் என்று மூன்றாவது கூறாக வைக்கிறது. ஆக்சிடோசின் கொடுத்தவர்களுக்குத் தொடர்ந்து பிசைவது தேவையில்லை, தொட்டு இறுக்கம் பார்ப்பது போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டையும் எழுதுங்கள். ஆக்சிடோசின் இல்லாத இடத்தில் மிசோபிராஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய்வழி. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், வெளியே கிடந்த ஆம்பூல் பலமிழந்து கருப்பையை இறுக்காது.

பிரசவஅறை_சிஸ்டர்:
அதுக்குப் பிறகும் ரத்தம் நிக்கலைன்னா பிபிஎச், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. சுகப்பிரசவத்துல 500 மி.லி., சிசேரியன்ல 1000 மி.லி. நாலு டி-யை எல்லாரும் எழுதறாங்க: டோன் (கருப்பைத் தளர்ச்சி), டிராமா (கிழிசல்), டிஷ்யூ (உள்ளே தங்கின நஞ்சுத் துண்டு), திராம்பின் (ரத்தம் உறையாமை). ஆனா படிக்கறவங்க ஒண்ணைக் கவனிக்கறதில்லை. கருப்பை கல்லு மாதிரி இறுகியிருந்தும் ரத்தம் வந்தா டோன் இல்லை, கிழிசல் தேடணும். பஞ்சு மாதிரி தளர்ந்திருந்தா டோன். கையை வைச்சதும் பாதி விடை தெரிஞ்சிடும்.

சொட்டுக் கணக்கு: 1 லிட்டர்ல 20 யூனிட் ஆக்சிடோசின், நிமிடத்துக்கு 60 சொட்டு. செட்டு 20 சொட்டு ஒரு மி.லி.ன்னா நிமிடத்துக்கு 3 மி.லி., அதாவது 60 மில்லியூனிட். அமெரிக்கப் புத்தகக் கணக்குல பல இடத்துல 15 சொட்டுன்னு வரும். உறையில அச்சிட்டிருக்கிறதைப் பார்த்து எழுதுங்க. ஆக்சிடோசினை நேரா நரம்புல ஒரே தள்ளா குடுக்கக் கூடாது, அழுத்தம் சரிஞ்சிடும். மெத்தர்ஜின் 0.2 மி.கி., உயர் ரத்த அழுத்தம் இருக்கிறவங்களுக்கும் இதய நோய் உள்ளவங்களுக்கும் கூடாது. கார்போபிராஸ்ட் 250 மைக்ரோகிராம், ஆஸ்துமா உள்ளவங்களுக்குக் கூடாது. டிரனெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்துல, பிறந்து 3 மணி நேரத்துக்குள்ள. அதுக்கு மேல பலன் இல்லை.

விஎச்என்_அக்கா:
குடும்பநலமும் சட்டமும் சுருக்கமா. காப்பர் டி 380ஏ 10 வருஷம், 375-ன்னா 5 வருஷம். கருத்தடை ஊசி அந்தரா 150 மி.கி. 3 மாசத்துக்கு ஒருமுறை, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்ச்சா மருந்து சீக்கிரம் கரைஞ்சிடும். கருத்தடை மாத்திரை சாயா முதல் 3 மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. தாய்ப்பால் வழிக் கருத்தடை முறைக்கு மூணு நிபந்தனையும் சேர்ந்தே இருக்கணும்: 6 மாசத்துக்குள்ள, மாதவிலக்கு வரலை, தாய்ப்பால் மட்டும். இரும்புச்சத்து 60 மி.கி., ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம், கர்ப்பத்துல 180 நாள், பிறகு 180 நாள். கால்சியத்தோட சேர்த்துப் போடக் கூடாது, இரும்பு உறிஞ்சாது. எம்டிபி (கருக்கலைப்பு) சட்டம் 1971, திருத்தம் 2021: 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, 20 முதல் 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு ரெண்டு மருத்துவர், 24-க்கு மேல சிசுக் குறைபாடுன்னா மருத்துவக் குழு.

ஆறாம்செமஸ்டர்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு கேஸ் எழுதிப் பார்த்தோம், திருத்துங்க. முதல் கர்ப்பம், 36 வாரம், அழுத்தம் 170/114, சிறுநீரில் புரதம் 3 கூட்டல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை வலிப்பு வந்தது. எங்க விடை: மெக்சல்ஃப் 10 கிராம் தசை வழி. நிஃபெடிபின் 10 மி.கி. நாக்குக்கு அடியில். ஆக்சிஜன். இடது பக்கம் படுக்க வைத்தல். கதீட்டர். 108-ல் அனுப்புதல்.

பாடவேளை:
மருந்துகள் சரி, வரிசை தவறு. வலிப்பின்போது முதலில் செய்வது இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலை உறிஞ்சி, மூச்சுப்பாதையைக் காத்து, ஆக்சிஜன் கொடுப்பது. பற்களுக்கிடையே எதையும் வலிந்து திணிக்கக் கூடாது. தனியே விட்டுப் போகக் கூடாது. அதன்பிறகே மெக்சல்ஃப். மருந்தை முதல் வரியில் எழுதினால் மூச்சு நிற்கும் நோயாளிக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருப்பதாகத் திருத்துநர் படிப்பார்.

பிரசவஅறை_சிஸ்டர்:
நிஃபெடிபின் நாக்குக்கு அடியில வேண்டாம், அடிச்சிடுங்க. அழுத்தம் திடீர்னு சரிஞ்சு குழந்தைக்குப் போற ரத்தம் குறையும். நினைவு முழுசா திரும்பி விழுங்க முடிஞ்சா வாய் வழி 10 மி.கி. விழுங்க முடியாதவங்களுக்கு லேபெட்டலால் நரம்பு வழி, டாக்டர் உத்தரவோட. கீழ் அழுத்தத்தை 90-க்கும் 100-க்கும் நடுவுல கொண்டுவந்தா போதும்.

விஎச்என்_அக்கா:
அனுப்புற சீட்டுல மெக்சல்ஃப் போட்ட நேரத்தையும் அளவையும் எழுதணும்னு ஒரு வரி சேருங்க. "10 கிராம் தசை வழி, காலை 9.40"ன்னு இருந்தாத்தான் மேல் ஆஸ்பத்திரியில அடுத்த 5 கிராம் மதியம் 1.40-க்குன்னு தெரியும். நேரம் இல்லைன்னா அவங்க திரும்ப ஏற்று டோஸ் போடவும் கூடும், இல்லை பயந்து நிறுத்தவும் கூடும். கதீட்டர் போட்டப்போ வந்த சிறுநீர் எத்தனை மி.லி.ங்கிறதையும் அதே வரியில எழுதுங்க.